கோழிக்கு வாங்கிய அரிசி

எங்கள் ஊரை ஆந்திராவுக்குக் கொடுத்த வருஷம் என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். என் சம்பளத்தைக் கொடுக்கத்தான் மறந்துபோனார்கள்.

சத்தியவேட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் வரும் சின்ன ஊர். செங்கல்பட்டு ஜில்லாவில் படுத்தவன் சித்தூர் ஜில்லாவில் எழுந்தேன். பாய் மட்டும் அதே பாய். அங்கே கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரே வாத்தியார். தலைமை ஆசிரியரும் நானே, மணி அடிப்பவனும் நானே. தாமதமாக வந்தால் என்னை நானே முறைத்துக்கொள்வேன். சம்பளம் சர்க்கார் மானியத்தில் வந்துகொண்டிருந்தது. எல்லை மாறியதும் பழைய ஜில்லாவில் விசாரித்தேன். "காகிதமெல்லாம் அனுப்பியாச்சு" என்றார்கள். சித்தூருக்குப் போய் விசாரித்தேன். "இன்கா ராலேது" என்றார்கள், இன்னும் வரவில்லையாம். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். என் காகிதம் நடுவழியில் ஏதோ ஒரு புளியமரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. சித்தூருக்குப் போய்வந்த பஸ் செலவில் வீட்டுக்கு ஒரு மாத மண்ணெண்ணெய் வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொன்னாள். அதற்குப் பிறகு விசாரிப்பதையும் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் அப்போது நான், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், இரண்டு கோழிகள். சித்திரையில் நின்ற சம்பளம் ஆடியிலும் வரவில்லை. மனைவியின் அண்ணன் திருவள்ளூரில் ஒரு மரக்கடையில் கணக்குப் பிள்ளை. அவரிடமிருந்து கார்டு வந்தது. ஆவணி முடிவதற்குள் சம்பளம் வராவிட்டால் வண்டியோடு வருவேன், தட்டுமுட்டுச் சாமானோடு எல்லோரும் கிளம்பி வந்துவிட வேண்டும், மரம் அளக்கிற வேலை ஒன்று மாப்பிள்ளைக்குப் பேசி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் மறுத்துப் பேச முடிவதில்லை.

நான் போனால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. புது ஜில்லாவின் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே பூட்டிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பிறகு யாரும் வந்து திறக்கப்போவதில்லை. நாற்பது பிள்ளைகள் மாடு மேய்க்கப் போகும். என் ஆறு வருஷ சர்வீஸ் மாட்டோடு மாடாகப் போகும். ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: சம்பளம் வரும்வரை, கடன் என்று யார் வாசலிலும் நிற்காமல், தாக்குப்பிடிக்க வேண்டும். சிக்கனம் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் சிக்கனம் இரண்டு இலாகாவாக நடந்தது. மனைவி இலாகாவில் மிச்சம் பிடித்தார்கள். என் இலாகாவில் ஆராய்ச்சி நடந்தது.

தீக்குச்சியை நீளவாக்கில் பிளந்தால் ஒன்று இரண்டாகும் என்று கண்டுபிடித்தவன் நான். சவர பிளேடை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் ஒரு பெட்டியைப் பிளந்தேன். பாதிக் குச்சிகள் தலை உதிர்ந்தன, மிச்சத்தில் பாதி உரசும்போது முறிந்தன, என் கட்டைவிரல் மட்டும் சுத்தமாக இரண்டாகப் பார்த்தது. அந்தப் பெட்டியால் பற்றியது மனைவியின் கோபம் ஒன்றுதான். "இன்னாங்க, நெருப்பு வோணும்னா பக்கத்து வூட்டு அடுப்புல எரியலியா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வறட்டித் துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பற்றவைத்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு அந்தப் பஞ்சகாலம் முழுவதும் எங்கள் வீட்டில் தீப்பெட்டி என்ற சாமானே கிடையாது.

நாவிதருக்குக் கொடுக்கும் கேழ்வரகை மிச்சம் பிடிக்கக் கண்ணாடியைப் பார்த்து நானே முடி வெட்டிக்கொண்டேன். கண்ணாடியில் வலது பக்கம் எது, இடது பக்கம் எது என்ற விஷயத்தில் எனக்கும் கத்தரிக்கோலுக்கும் அபிப்பிராய பேதம் இருந்தது. பதினைந்து நாள் தலைப்பாகையோடு பாடம் நடத்தினேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார், உங்க நைனா செத்துட்டாரா?" என்று துக்கம் விசாரித்தாள்.

மனைவியின் முறை வேறு மாதிரி. சத்தமே இருக்காது. பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடும், விளக்குக்கு வேலையில்லை. சோப்பை நூலால் நாலாக அறுத்து வெயிலில் காயவைப்பாள். காய்ந்த சோப்பு தண்ணீரில் சீக்கிரம் கரையாதாம். புளியைக் கரைத்த சக்கை பாத்திரம் துலக்கப் போகும், புளியங்கொட்டை வறுபட்டுப் பிள்ளைகளின் வாய்க்குப் போகும். என் வேட்டி கிழிந்தால் துண்டாகும், துண்டு கிழிந்தால் பெண்ணுக்குப் பாவாடையாகும், பாவாடை கிழிந்தால் கரித்துணியாகும். ஒரு நாள் சட்டி இறக்கும்போது கையிலிருந்த துணியை உற்றுப் பார்த்தேன். என் கல்யாண வேட்டியின் கரை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் சிக்கனம் எனக்குப் புரியவில்லை. பிடியரிசி. எங்கள் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போடுவார்கள். அது கோயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக் கலயமும் ஒரே மூட்டையில் கொட்டப்பட்டு, ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம் போகும். ஏலக் காசு சபைக்கு.

"ரெண்டு ஆழாக்கு அரிசிலே ஒரு பிடிய எடுத்துட்டா மீதி இன்னாத்துக்கு ஆவும்?" என்றேன் நான். "ஆண்டவருக்குச் சம்பளமா நின்னுபோச்சு?"

"எடுக்கறது என் கையி. உங்க கையி இல்லியே" என்றாள். உண்மைதான். அவள் கை சின்னது.

அந்த மூட்டை அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வீட்டு அரிசி அது. பச்சரிசி, புழுங்கல், சிவப்பரிசி, கைக்குத்தல், எவள் வீட்டிலோ கைதவறி விழுந்த சாமை, அந்தந்த வீட்டுக் கல். உலையில் போட்டால் பச்சரிசி கூழாகிப் போன பிறகும் புழுங்கல் விறைப்பாக நிற்கும். அதனால் அதைச் சோற்றுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். எருமை வைத்திருக்கும் ஒருவர் வாரா வாரம் அடிமாட்டு விலைக்கு ஏலம் எடுத்துத் தவிட்டோடு கலந்து எருமைக்கு வைப்பார். மனைவிக்கு அந்த மூட்டைமேல் ஒரு கண். "கல்லுல போட்டு நொய்யா ஒடச்சிட்டா எல்லா அரிசியும் ஒரே மாதிரி வெந்துடும். கஞ்சிக்கு அருமையா இருக்கும். எருமைக்குப் போவுது" என்றாள். எந்திரக்கல் எங்கள் வீட்டில் இருந்தது. அவள் நகைகளில் மிச்சமிருந்தது ஒரு ஜோடித் தோடு. அதைச் சத்தியவேட்டில் விற்றுக் கொஞ்சம் கையிருப்பு வைத்திருந்தாள்.

எனக்கோ மானப் பிரச்சினை. வாத்தியார் எருமை அரிசி வாங்கினால் வாத்தியார் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சம்பளம் நின்ற விஷயத்தை நான் அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்து வைத்திருந்தேன், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏப்பம் விட்டுக்கொண்டே தெருவில் நடப்பேன். சாப்பிடாதவன் ஏப்பம் எப்படி விடுவது என்பது ஒரு தனிக் கலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வார நாளில் வேர்க்கடலை வியாபாரி, குரல் கணீரென்று இருக்கும்.

"பிடியரிசி மூட்டை! கேளுங்கோ!"

எருமைக்காரர் வழக்கம்போல எட்டணா என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பத்தணா" என்றேன்.

மரத்தடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூப்பர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "வாத்தியாரே, நீங்களா? இன்னாத்துக்கு?"

யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "கோழிக்கு."

"கோழிக்கா?"

"ஆமா. கோழி வளக்கறேன். இப்பல்லாம் விஞ்ஞான ரீதியா வளக்கணும். நொய்யரிசி போட்டாத்தான் முட்டை கெட்டியாவும்." இதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் இல்லையா, நிற்கவில்லை. கோழியின் இரைப்பை, எலும்பு, இறகின் பளபளப்பு என்று கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். எருமைக்காரர் "பன்னண்டணா" என்று வாயெடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஒரு தடவை இருமினாள். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பத்தணா ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். என் கோழி சாஸ்திரத்தைக் கேட்டுத்தான் எருமைக்காரர் பின்வாங்கினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தடுத்த வாரங்களில் நான் எட்டணா என்றேன், ஆறணா என்றேன். எதிர்த்து ஒருவரும் கேட்கவில்லை. மூப்பர் மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஏலம் எடுப்பதில் எனக்கு இப்படி ஒரு ராசியா என்று நானே வியந்துகொண்டேன்.

கோழிகளுக்கு அந்த மூட்டையிலிருந்து ஒரு மணி விழவில்லை. மனைவி நொய்யாக உடைத்துக் காலையில் கஞ்சி, மத்தியானம் புட்டு, சாயந்திரம் மறுபடி கஞ்சி என்று ஓட்டினாள். கோழிகள் குப்பையைக் கிளறி ஜீவித்தன. ஊர் மட்டும் கோழிகளை மறக்கவில்லை.

"வாத்தியாரே, கோழிங்க நல்லா துன்னுதுங்களா?" என்று வழியில் கேட்பார்கள்.

"நல்லா துன்னுதுங்க."

"கொஞ்சம் முருங்கைக் கீரை கெடக்குது. இத்தயும் போடுங்க. கோழிக்கு நல்லது."

எருமைக்காரர் மனைவி செம்பில் மோர் கொண்டுவந்து தந்தாள், கோழிக்குச் சூடு தணியுமாம். மேற்கே நிலம் வைத்திருந்த தெலுங்குக்காரர் ஒருவர், எங்கள் கோயிலுக்கே வராதவர், ஒரு கூடைக் கத்தரிக்காயைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவைத்து "மேஸ்டாரு, கோள்ளகு" என்றார். கோழிகளுக்காம். என் கோழி சாஸ்திரம் தெலுங்குப் பக்கத்துக்கும் பரவிவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு பெரிய மடையன் என்று இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஒரு குறை மட்டும் இருந்தது. அந்தக் கோழிகள் முட்டை இடுவதே இல்லை. தினம் காலையில் கூடையைத் தூக்கிப் பார்ப்பேன், காலியாக இருக்கும். "ஊரே உங்களுக்குச் சீர் வரிசை கொண்டாந்து குடுக்குது. நன்றி கெட்டதுங்களே!" என்று திட்டுவேன். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பு ஊதப் போய்விடுவாள்.

ஆவணி கடைசிச் சனிக்கிழமை, மத்தியான வெயிலில் மச்சான் வந்து இறங்கினார். ஊத்துக்கோட்டையில் வாடகைக்குப் பிடித்த மாட்டுவண்டி வாசலில் நின்றது. உட்காரக்கூட இல்லை.

"இன்னா மாப்ள, சம்பளம் வந்துச்சா?"

"வந்துகினே கீது மச்சான்."

"அஞ்சு மாசமா வந்துகினே கீது. அங்க எங்கம்மா சோத்துல கைய வெச்சுகினு அழுவுது, எம்பொண்ணு இன்னா துன்னுறாளோன்னு. இனிமே அவங்க தெலுங்குல பாடம் எடுன்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெலுங்குல திட்டத்தான் வரும். கெளம்புங்க. மரம் அளக்கறதுக்குப் பாஷை வோணாம்."

மனைவியைப் பார்த்தேன். "அவரு இன்னா சொல்றாரோ அதான்" என்றாள் அண்ணனிடம். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையில் பிடித்திருந்த முறத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

வீட்டுக்குள் போய், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டையும் பூகோளப் படத்தையும் எடுத்துத் தனியாக வைத்தேன். அவை சபைச் சொத்து. என் புத்தகங்களைக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தேன். பெரியவள் வந்து, "நைனா, திங்கக்கெழம ஸ்கூலு யாரு தொறப்பா?" என்று கேட்டாள். கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அந்த நேரத்தில் எருமைக்காரர் மனைவி உள்ளே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள், கட்டிய புத்தகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மோர்ச் செம்பை நீட்டினாள். "அம்மா, இது கோழிக்கு."

மச்சான் திரும்பினார். "கோழி மோர் குடிக்குமா?"

"இந்த ஊரு கோழி குடிக்கும்" என்றாள் அவள், கண் சிமிட்டாமல்.

அவள் போய் வண்டி விஷயத்தை எங்கே சொன்னாளோ, அரை நாழிகைக்குள் வாசலில் கூட்டம். ஒருத்தி உளுந்து கொண்டுவந்தாள், கோழிக்கு. தெலுங்குக்காரர் பாதிப் பூசணியோடு வந்து "கோள்ளகு" என்றார். கடைசியாக மூப்பர் வந்தார், கையில் பனையோலையில் சுற்றிய கருவாடு.

"இதுவும் கோழிக்கா?" என்றார் மச்சான்.

"கோழிக்குத்தான்."

"வறுத்துத் துன்னுமா, கொழம்பு வெச்சுத் துன்னுமா?"

"அது அந்தக் கோழியோட இஷ்டம்" என்றார் மூப்பர்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கோழிகள் இரண்டும் பரக்கப் பரக்க வாசலுக்கு வந்தன. விஞ்ஞான ரீதியாக வளர்ந்த கோழிகள். இறகைப் பிடித்து உலுக்கினால் எலும்பு சத்தம் கேட்கும். மச்சான் கோழிகளைப் பார்த்தார். பூசணியை, உளுந்தை, கருவாட்டைப் பார்த்தார். என் இரண்டு பெண்களின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் கண் திறந்தது. ஊருக்கு முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரியும். நான் "கோழிக்கு" என்று சொன்ன அந்த நிமிஷமே, மரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கால் மணி நேரம் நான் இரைப்பையைப் பற்றிப் பேசியபோது, ஒருவர் முகத்திலும் சிரிப்பு வராமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுதான் அவர்கள் எனக்குச் செய்த முதல் உதவி.

"உனக்கும் தெரியுமா?" என்று மனைவியிடம் முணுமுணுத்தேன்.

"ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"முட்டை?" என்றேன், திடீரென்று.

"சும்மா வாங்கிக்க முடியுமா? தெனம் ஒரு வூட்டுக்குக் குடுத்தனுப்பிச்சேன். கோழி குடுத்துச்சுன்னு."

எருமைக்காரர் மனைவி உடனே, "நல்ல கோழிங்கம்மா. வாங்கினா திருப்பிக் குடுக்கற கோழிங்க" என்றாள். அதற்கு மேல் யாராலும் தாங்க முடியவில்லை. மூப்பர்தான் முதலில் சிரித்தார். மச்சான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுக்கக் கொஞ்சம் நேரமானது. எடுத்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"பசிக்குது. அந்தக் கோழித் தீனிய எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றார் தங்கையிடம்.

முப்பது வீட்டு நொய்க் கஞ்சியும் சுட்ட கருவாடும். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகக் கட்டின் முடிச்சை நிதானமாக அவிழ்த்தார்.

"மாப்ள, எங்க ஊருக்கு வந்தா உங்களுக்குச் சம்பளம் நான் வாங்கித் தருவேன். இவங்கள எங்கேர்ந்து கொண்டாந்து தருவேன்? இருங்க. எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்." பூசணியில் ஒரு கீற்றை மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டு வெறும் வண்டியில் ஏறினார். அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம்.

சம்பளம் ஐப்பசி மழையோடு மொத்தமாக வந்தது. அதற்குப் பிறகு தெலுங்கும் கற்றுக்கொண்டேன், திட்டுவதற்கு மட்டுமல்லாமல். அதே பள்ளிக்கூடத்தில் தலை நரைத்து ஓய்வு பெற்றேன். ஆனால் நான் நன்றி சொல்ல ஆசைப்படுவது சம்பளத்துக்கு அல்ல. அது தாமதமாக வந்ததற்குத்தான் ஒருவேளை சொல்ல வேண்டும்.

வண்டி திரும்பிப் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயிலில் ஆராதனை நடுவே, விரும்புகிறவர்கள் எழுந்து ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். நான் எழுந்தால் அரைமணி நேரம் என்று எல்லோருக்கும் தெரியும். எழுந்தேன். ராத்திரியெல்லாம் தயார் பண்ணி வைத்த பேச்சு, நடுவில் மூன்று இடத்தில் சிரிப்பு வரும்படி. வாயைத் திறந்தேன். எதிரே அந்த முப்பது வீட்டு முகங்கள். மறுபடி திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"வாத்தியாரு பேசாம உக்காந்த மொத ஞாயித்துக்கெழம இது. இதுக்கே எல்லாரும் எழுந்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லலாம்."

எல்லோரும் எழுந்தார்கள்.